ஒரே வீட்டில் இரண்டு குழு

புரட்டாசி, செவ்வாய் இரவு

பேராவூரணிப் பக்கம் ஒரே வீட்டில் இருக்கும் ஓரகத்திகள் செல்வியும் மாலாவும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். காரணம் என் ஆய்வு.

கணவர் வெளிநாட்டில் இருக்கும் பெண்களின் தூக்கத்தைப் பற்றிய ஆய்வு. சீட்டுக் குலுக்கியதில் மாலாவுக்கு மூச்சுப் பயிற்சி கிடைத்தது. செல்வி பயிற்சி இல்லாத குழுவில் விழுந்தார். வெளியே சொன்னால் இரண்டு குழுக்களையும் ஒப்பிட முடியாது, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மாலாவிடம் கேட்டுக்கொண்டேன். எப்படியும் சொல்லிவிடுவார் என்றுதான் பயந்தேன். சொல்லவில்லை.

இன்று செல்வியிடம் கேள்விகள் கேட்கப் போனேன்.

“அப்படி என்னத்தங்க அவளுக்குச் சொல்லிக் குடுத்தீங்க? முன்னல்லாம் சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கிட்டிருப்போம். இப்ப கதவச் சாத்திக்கிறா. கேட்டா, ‘சொல்லக்கூடாதுக்கா’ங்கிறா.”

“ஆய்வு முடிஞ்சதும் உங்களுக்கும் சொல்லித் தரேங்க.”

“எனக்கு ஒண்ணும் வேணாங்க.”

தூக்கம் எப்படி என்று கேட்டேன். வரிசைப்படி அடுத்த கேள்வி அதுதான்.

“எங்கங்க வருது? அந்தக் கதவையே பாத்துக்கிட்டுப் படுத்திருக்கேன்.”

‘மிக மோசம்’ என்பதில் குறித்துக்கொண்டேன். கதவை எழுதப் படிவத்தில் இடமில்லை.

தஞ்சாவூருக்குத் திரும்பும்போது பஸ்ஸிலிருந்தே என் நெறியாளருக்கு இதுவரை வந்த இரண்டு குழுக்களின் தூக்க மதிப்பெண்களையும் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். “ரெண்டு குழுவுக்கும் நல்ல வித்தியாசம் தெரியுதேம்மா! பயிற்சி வேலை செய்யுது.”

கதவைப் பற்றி நான் சொல்லவில்லை. வித்தியாசம் உண்மையிலேயே நன்றாகத்தான் தெரிகிறது.