என் வண்டிக்கு யாரும் விலை பேச வேண்டாம்

கோவில்பட்டி
15.11.2009

அன்பு மகன் ஜெயகிருஷ்ணனுக்கு,

அம்மா எழுதுகிறேன். செண்பகவல்லி அம்மன் புண்ணியத்தில் நானும் என் ஸ்கூட்டரும் இங்கே சுகம், புனேயில் உனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா, வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறாயா என்று எழுது. வண்டியை விற்றுவிடலாம் என்று நீயும் உன் சித்தப்பா சௌந்தரபாண்டியனும் போனில் பேசி முடித்துவிட்டீர்களாம், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன புதன்கிழமை மாடத்தி மகளின் கல்யாண ரவிக்கைகளைத் தைத்து முடித்து இடைசெவலுக்குக் கொண்டுபோனேன், முந்தின நாள் மழையில் கரிசல் பாதையெல்லாம் தண்ணீர், அதில் இறங்கி ஏறியதும் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்து வண்டி நின்றுவிட்டது. பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தும் கிளம்பவில்லை. அங்கே நின்ற ஒருவர், "பழைய வண்டின்னா பிளக்கைத் துடைச்சாப் போதும்க்கா, இது உள்ள கம்ப்யூட்டர் வச்சதுல்லா, யாரு கை வைப்பா" என்று சிரித்தார். வண்டியை அவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டு முட்டுவலியோடு சேற்றில் நடந்தே போய் ரவிக்கைகளைக் கொடுத்துவிட்டு வந்தேன், கல்யாணப் பெண் நான் தைத்த ரவிக்கையைப் போட்டுத்தான் முகூர்த்தத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் லோடு ஆட்டோவில் ஏற்றி ஷோரூம் போனால் மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இது எலக்ட்ரானிக் சமாச்சாரம்மா, ஒங்களுக்குப் புரியாது, வீட்டுல ஆம்பளைய இருந்தா வரச்சொல்லுங்க" என்கிறார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வண்டி எம்பேருல இருக்கு, ஓட்டுததும் நான்தான், எங்கிட்டயே சொல்லுங்க, சொல்லுத வரைக்கும் இங்கனதான் இருப்பேன்" என்று நாற்காலியை வண்டிப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். புது வண்டி வாங்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கவும் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் ஒரு வயரைச் செருகி, சின்னத் திரையில் பழுது இருக்கும் இடத்தைக் காட்டினார். எவ்வளவு பெட்ரோல் விடவேண்டும் என்று கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்லும் சென்சாராம், அதன் இணைப்பில் தண்ணீர் புகுந்திருக்கிறது, துடைத்துக் காயவைத்ததும் வண்டி கிளம்பிவிட்டது. கேட்டேன், சொன்னார், புரிந்தது, அவ்வளவுதான்.

தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் சரியாகாத வண்டி என்று நீ சொல்வது நிசம்தான். ஆனால் முட்டு ஆபரேஷனுக்கு அப்புறம் என்னால் கிக்கரை மிதிக்க முடியாது என்பதை மறந்துவிட்டாயே ராசா. வீட்டுக்குள்ளேயே கிடந்தவளை மறுபடி ஊர் ஊராகத் துணி அளவெடுக்க அனுப்பியது இந்தப் பட்டன்தான், மஞ்சள் விளக்கு எரிகிறது என்பதற்காக நான் திரும்ப வீட்டுக்குள் போய் உட்காரமாட்டேன்.

இன்று காலையில் உன் சித்தப்பா கடம்பூரிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, "மதினி, சாவியக் குடுங்க, இவிய ஓட்டிப் பாக்கணுமாம்" என்றார். இருவருக்கும் காப்பி கொடுத்தேன். "குடிச்சிட்டுப் பைய போங்க, எனக்கு விளாத்திகுளத்துல வேலை கெடக்கு" என்று சொல்லிவிட்டு அவர்கள் கண்முன்னாலேயே பட்டனை அமுக்கிக் கிளம்பிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தேன், டம்ளரும் கையுமாக நின்றார்கள்.

நோய்நொடி அண்டாமல் நூறு வயசு இருப்பா. கஷாயப்பொடி அனுப்பியிருக்கிறேன், மறக்காமல் குடி. பொங்கலுக்கு வரும்போது சித்தப்பாவை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லாதே. நான் வருவேன், பின்னால் ஏறி உட்கார்.

உன் அம்மா,
யோகலட்சுமி