சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு

ஜூலை 8, சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன், என்னை நல்லவளாகக் காட்டாமல். எங்கள் கிள்ளான் இடைநிலைப்பள்ளியின் மீத்திறன் மாணவர்களுக்கான சிறப்பு வகுப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அது சனிக்கிழமை காலை, தமிழ் வகுப்பு நடக்கும் அதே நேரம். நான் போனால் தமிழுக்கு ஆள் குறையும். குறைந்தால் வகுப்பையே மூடிவிடுவார்கள்.

"நீ போய்ட்டா நாங்க எங்க போறது லா, ஜீனியஸ்?" என்று பக்கத்தில் உட்காரும் துர்கா சிரித்தாள். தமிழ் டீச்சர் அவளை அதட்டினார். "போம்மா, இந்த சான்ஸ் திரும்ப வராது," என்றார் என்னிடம். நான் சரி என்றேன். அழுகை வரவில்லை, சந்தோஷமும் இல்லை. பிறகு டீச்சர் வெண்பலகையைத் துடைத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமைக்கான பாடத்தைச் சொன்னார். எல்லாரோடும் சேர்ந்து நானும் குறித்துக்கொண்டேன்.

என் அறையில் படுக்கும் அக்கா விளக்கை அணைத்துவிட்டாள்; இதோடு நிறுத்துகிறேன்.