இன்னொரு வாய்தா

மச்சான்,

இன்று கோர்ட் வாசலில், "கேஸ் போட்டதே நீதான். பெறகு எதுக்கு வாய்தா கேக்குற?" என்றீர்கள். பதிலை இதில் எழுதுகிறேன்.

தீர்ப்பு எழுத ஜட்ஜ் பேனாவை எடுத்தபோது எதிர் பெஞ்சில் நீங்கள் இருமினீர்கள். இனி உங்களைப் பார்க்க எனக்கு ஒரு நாளும் கிடைக்காது என்று அப்போதுதான் உறைத்தது. "இன்னொரு வாய்தா குடுங்கய்யா" என்று கேட்டுவிட்டேன்.

வாய்தா என்றால் தள்ளிவைப்பது என்கிறார் வக்கீல். மதரஸாவில் அந்த அரபுச் சொல்லுக்கு வாக்குறுதி என்று அர்த்தம் படித்தேன். எனக்கு அது நீங்கள் பழனியிலிருந்து மலையேறி வரும் நாள். மற்ற நாட்களில் இந்தக் கொடைக்கானல் வீட்டுக்குள் மேகம் மட்டும்தான் வருகிறது.

அடுத்த வாய்தாவன்று கோர்ட்டுக்குப் போக வேண்டாம், மச்சான். நேரே வீட்டுக்கு வாருங்கள்.

இன்னும் உங்கள் மனைவி