கிழக்கறைக்கு மின்சாரம் வந்த வைபவம்

கரமனை,
வெகுதானிய வருஷம், கார்த்திகை மாதம்

சௌபாக்கியவதி விஜயலக்ஷ்மிக்கு, பம்பாய் மாட்டுங்கா வரை காதில் விழும்படி உரக்கச் சொன்ன ஆசீர்வாதம். இங்கே நானும் உன் மாமி வாலாம்பாளும் சௌக்கியம். உன் சௌக்கியமும், மாப்பிள்ளை நீலகண்டன் சௌக்கியமும், உன் வயிற்றில் கொலுவிருக்கும் சின்னத் துரையின் சௌக்கியமும் எழுதவும்.

இப்போது உனக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். பத்மநாபசுவாமி சாட்சியாக, இதை நீ நம்ப மாட்டாய் என்று உறுதி கூறுகிறேன். மாப்பிள்ளையும் நம்ப மாட்டார். தபால்காரன் உறையைப் பிரித்துப் படித்தால் அவனும் நம்ப மாட்டான்.

மாப்பிள்ளை எழுதியிருந்தார் அல்லவா: முதல் பிரசவம் பிறந்த வீட்டில் என்பது சரிதான், ஆனால் மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் குழந்தை பிறப்பதானால் பம்பாய் ஆஸ்பத்திரியே போதும் என்று. பெற்றவர்கள் இல்லாத உனக்கு இதுதானே அம்மா பிறந்த வீடு! மாமி அந்தக் கடிதத்தை என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு வாயே திறக்கவில்லை. வாலாம்பாள் வாய் திறக்காவிட்டால் என்ன விபரீதமோ என்று கரமனையாறே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கும், பார்த்தது.

கூடத்தில் ஏற்கெனவே மின்சார விளக்கு எரிகிறது. அங்கிருந்து உன் பிரசவத்துக்கென்று ஒதுக்கிய கிழக்கறைக்கு இழுத்தால் தீர்ந்தது என்று சாலைக் கடைத்தெருவில் கம்பியும் பீங்கான் கட்டைகளும் வாங்கினேன். கம்பிச் சுருளின் ஒரு முனை நம் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மறு முனை அந்தக் கடையிலேயே இருந்தது. நாகர்கோவில்காரன் ராஜையன் என்கிற வயர்மேன் வந்து, உத்தரத்துக்கு அடியில் சுவருக்குச் சுவர் அதை விறைப்பாகக் கட்டினான். எவ்வளவு விறைப்பு என்றால், ஸ்ரீவராகத்திலிருந்து இரண்டு பாகவதர்கள் வந்து சுருதி சேர்த்துப் பாடிவிட்டுப் போனார்கள்.

ஆனால் புதிதாக இழுத்த கம்பியில் மின்சாரம் விட வேண்டுமானால் இன்ஸ்பெக்டர் சோதித்து சர்ட்டிபிகேட் கொடுக்க வேண்டும். அவர் வந்தார். கையில் ஒரு பெட்டி. அதன் கைப்பிடியைச் சுற்றினால், கம்பியில் கசிவு உண்டா என்பதை முள் காட்டும். சுற்றினார். முள் விழுந்த வேகத்தில் பெட்டியையும் தரையையும் துளைத்துக்கொண்டு பாதாளம் போய்விட்டது. "லீக்கு உண்டு, பற்றில்லா" என்று சர்ட்டிபிகேட்டை மறுத்துவிட்டு அவரும் போய்விட்டார்.

நான் எலியின் மேல் பழி போட்டேன். ராஜையன் ஒவ்வொரு இணைப்பாக அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "சாமி, எலிக்க பல்லுத் தடம் ஒண்ணும் இல்ல. கம்பிதான் நனஞ்சு கெடக்கு. ஓட்டுல ஒழுக்கும் இல்ல. ஒங்க வீட்டுக்குள்ள மட்டும் தனியா மழ பெய்யுதா?" என்றான். பாவம், பழைய கம்பியைக் கழற்றிவிட்டுப் புதிதாகவே கட்டினான். இன்ஸ்பெக்டர் மறுபடி ஒரு பிற்பகலில் வந்தார். மறுபடியும் லீக்கு! நாளைக்கு ரயிலேறிக் கொல்லம் பக்கம் போகிறேன், இனி தை மாதம்தான் என்று குடையை எடுத்தார். தை என்றால் நீ பிரயாணம் செய்யக்கூடிய காலம் தாண்டிவிடும்.

அந்த நேரம் பார்த்து உன் மாமி குளித்துவிட்டு உள்ளே வந்தாள். ஒரு கையில் நீளக் கோல். கோலின் நுனியில் சொட்டச் சொட்ட ஒன்பது கஜம் புடவை. எங்கள் எல்லோர் கண்ணெதிரிலும் அதைத் தூக்கி, லாகவமாக, ராஜையனின் கம்பிமேல் போட்டு விரித்தாள்.

மழைக்காலத்தில் கொல்லைக் கொடியில் மடிப்புடவை உலராது. கூடத்துக் கொடியில் போட்டால் போகிறவர் வருகிறவர் கை பட்டு மடி கெடும். யார் கையும் எட்டாத உயரத்தில், நல்ல விறைப்பாக ஒரு கொடியை வீட்டுக்காரர் கட்டிக் கொடுத்திருக்கும்போது விடுவாளா? தினமும் பிற்பகல் உலர்த்தி, விடியுமுன் எடுத்து உடுத்திக்கொண்டிருக்கிறாள். விளக்கில்லாத அந்த அறைக்குள் நாங்கள் காலையில் போய்ப் பார்க்கும்போதெல்லாம் கம்பி ஒன்றும் அறியாத சாதுவாக நின்றது.

இன்ஸ்பெக்டர் குடையைக் கீழே போட்டுவிட்டு, "அம்மே! அது கொடியல்லா, கரண்டு கம்பியாக்கும்!" என்று அலறினார். மாமி கோலால் புடவையின் சுருக்கத்தை நீவிவிட்டபடி, "கரண்டுதான் இன்னும் வரலையே. வர்ற வரைக்கும் சும்மாதானே கெடக்கு?" என்றாள். இன்ஸ்பெக்டர் சிரிக்கத் தொடங்கினார், ஓடுகள் கிளம்பி ஆற்றைத் தாண்டி விழுந்தன. காலை ரயிலுக்கு முன் வருகிறேன், அதற்குள் உலர்ந்திருந்தால் சர்ட்டிபிகேட் என்று வாக்களித்தார். ராஜையன் கரியடுப்பை மூட்டி, கம்பிக்குச் சூடு காட்டி, பிறந்த குழந்தைக்குச் சாம்பிராணி போடுகிறவன் மாதிரி அருகிலேயே நின்றான்.

காலையில் கசிவே இல்லை என்று முள் ஏறியது பார், இன்னும் இறங்கவில்லை! பல்பைப் போட்டதும் ஊர்க் காக்கைகள் மறுநாளும் விடிந்துவிட்டதென்று இரண்டாம் முறை கத்தின. சூரியன் என்னிடம் வந்து லீவு கேட்டான். தாராளமாகக் கொடுத்து அனுப்பினேன்.

சர்ட்டிபிகேட்டின் நகல் இத்துடன் வருகிறது. அது கதையில் சேராது. மாப்பிள்ளையிடம் பத்திரமாகக் கொடு. மற்றதில் எவ்வளவை வேண்டுமானாலும் தள்ளிக்கொள், நான் கோபிக்க மாட்டேன். ஆனால் கதையில் ஒரு சின்னத் துண்டு நிஜம். அதை நான் எழுதக்கூடாது என்று மாமி கட்டளையிட்டிருக்கிறாள், எழுதுகிறேன். அன்று அவளே கோலை எடுத்து அந்தப் புடவையைக் கம்பியிலிருந்து இறக்கினாள். உலர்த்த வேறு இடம் கிடையாது. விடியற்காலைக் குளிரில் ஈரத்தோடேயே உடுத்திக்கொண்டு அடுப்படியில் நின்றாள். இதென்னடி என்று கேட்டேன். "மேலேயே காஞ்சுடும். கொழந்தை வர்ற அறைக்கு வெளிச்சம் வேண்டாமா?" என்றாள். இன்றும் அப்படித்தான் நிற்கிறாள்.

மழை விடுகிறமாதிரி தெரியவில்லை. நல்ல நாள் பார்த்துச் சீக்கிரம் புறப்பட்டு வந்து சேர், அம்மா.

தீர்க்க சுமங்கலியாய் இரு.

உன் மாமா,
பிச்சுமணி