ஆயிரமும் இரண்டாயிரத்து இருநூறும்

ஏப்ரல் 9

எங்கள் அறையில் அக்காவின் பாதி விமான நிலையம், என் பாதி அதன் குப்பைக்கிடங்கு. இன்று என் தலையணை மேல் ஒரு இறக்கை படுத்திருந்தது. "பசை காயட்டும்டா" என்கிறாள். என் மண்டை காய்ந்தால் பரவாயில்லையாம்.

19-ம் தேதி மாதிரி விமான கிளப் மைதானத்தில் அவளுக்குத் தேர்வு. பெரிய விமானத்தை ரிமோட்டில் பறக்கவிட்டு ஒழுங்காக இறக்கினால் குழுவில் சேரலாம். ஒரே ஒரு இடம்தான் காலி. ரெண்டு வருஷமாக இதே பேச்சு.

ஏப்ரல் 11

அவளிடம் ரெண்டு மோட்டார். அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றின் மேல் 1000 என்று ஸ்டிக்கர், இன்னொன்றின் மேல் 2200. ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்தில் எத்தனை சுற்று என்ற கணக்கு அது.

"ஆயிரம் நிதானமானவன், பெரிய விசிறியை இழுப்பான். ரெண்டாயிரத்து எரநூறு அவசரக்காரன், அவனுக்குச் சின்ன விசிறிதான் ஆகும்."

"மாத்திப் போட்டா?"

"நிதானமானவன்கிட்ட சின்னதைக் குடுத்தா சும்மா முனகுவான். அவசரக்காரன்கிட்ட பெரியதைக் குடுத்தா கரண்டை உறிஞ்சித் தள்ளிப் புகைஞ்சிடுவான்."

முனகுவான் என்பது மட்டும்தான் என் காதில் தேனாகப் பாய்ந்தது. நாளைக்குச் சின்ன விமானத்துக்குத்தான் மோட்டார் மாட்டப் போகிறாளாம். சுத்துற சாமானில் சுத்துமாத்து பண்ணாமல் வேறு எதில் பண்ணுவது? ரெண்டு ஸ்டிக்கரையும் நகத்தால் நெம்பி, இடம் மாற்றி ஒட்டிவிட்டேன்.

ஏப்ரல் 13

முனகல் இல்லை, அலறல் இல்லை. "சின்னது கிடக்கட்டும், முதல்ல பெரியதை முடிக்கணும்" என்கிறாள். அப்புறம் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.

"என்னடா வாலு, எதாவது சொல்லணுமா?"

"உன் ஜடையில பசை" என்றேன். தடவிப் பார்த்தாள். இல்லை.

ஏப்ரல் 16

தூக்கம் வரவில்லை. பெரிய விமானம் என்றால் பெரிய விசிறி. ஆயிரம் என்று நம்பி அவசரக்காரனை எடுத்து மாட்டப் போகிறாள் — புகைஞ்சிடுவான்னு அவளே சொன்னாளே. சொல்லிவிடவா? சொன்னால் விஷயம் அம்மா வரைக்கும் போகும். அதுகூடப் பரவாயில்லை. நானே போய் ஒத்துக்கொண்டால் என் மானம் என்ன ஆவது?

ஏப்ரல் 17

அவள் குளிக்கப் போனபோது மோட்டார் பெட்டியைத் திறந்து ஸ்டிக்கர்களை மறுபடி இடம் மாற்றினேன். பழையபடி. காதும் காதும் வைத்த மாதிரி. சேட்டையும் நானே, சிகிச்சையும் நானே!

ஏப்ரல் 19

காலையில் மோட்டாரை மாட்டி லேசாகச் சுற்றவிட்டுப் பார்த்தாள். முழு வேகம் கொடுக்க அறையில் இடமில்லை.

மைதானத்தில் நான்தான் விமானத்தைப் பிடித்துக்கொண்டேன். கை விட்டதும் அம்பாக எழுந்தது. கிளப் செயலாளரே "அடேங்கப்பா!" என்றார். நான் குதித்துக் குதித்துக் கை தட்டினேன். அக்கா தட்டவில்லை, சிரிக்கவில்லை.

"சத்தம் சரியில்லடா. இவ்வளவு வேகம் வராதே."

திருப்பி இறக்கப் பார்த்தாள். அதற்குள் விமானத்தின் மூக்கில் புகை. பேட்டரியிலிருந்து கரண்டை அளந்து கொடுக்கும் கருவி கருகிவிட்டால் மோட்டார் மட்டும் நிற்பதில்லை, வாலை அசைக்கும் கட்டுப்பாடும் செத்துவிடும். அவள் கையிலிருந்த ரிமோட்டின் குச்சியை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டே இருந்தாள். அது கேட்கவில்லை. நேராகப் போய்க் கம்பி வேலியில்.

செயலாளர் நல்ல மனிதர். "விசிறிக்கும் மோட்டாருக்கும் பொருத்தம் பார்க்காம வரலாமாம்மா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். எல்லோர் முன்னாலும் கேட்டார். பொருத்தம் பார்ப்பதில் அக்காவை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது.

எப்படி? நான் சரி பண்ணிட்டேனே. சரியாத்தானே பண்ணேன்?

ஏப்ரல் 20

பெட்டியில் மிச்சமிருந்த மோட்டாரைச் சுழலவிட்டு, சுற்று எண்ணும் மீட்டரை நீட்டினாள். ஸ்டிக்கரில் 2200. மோட்டார் ஆயிரத்துக்காரன்.

"இது எப்படி? நான் மாத்தி ஒட்டினேனே."

"நீ எப்பக்கா?"

"ஞாயித்துக்கிழமையே. சின்ன விசிறியைப் போட்டேன், முனகுச்சு. உன் வேலைன்னு தெரிஞ்சுது. அளந்து பார்த்துச் சரியா ஒட்டி வச்சேன்."

"வெள்ளிக்கிழமை... நானும் சரி பண்ணேன்க்கா."

மீட்டரை அணைத்துக் கீழே வைத்தாள். "சரியா இருந்ததைப் போய்ச் சரி பண்ணியிருக்க. அதை வாயால ஒரு வார்த்தை சொன்னா என்னடா?"

"நீயும் சொல்லலையே!"

"நீயா வந்து ஒத்துக்குவன்னு காத்திருந்தேன். தேர்வு முடிஞ்சதும் உன்னை நல்லா கிண்டல் பண்ணலாம்னு."

இந்த இடத்தில் நான் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். "அப்ப பாதித் தப்பு உன் மேலதான்" என்றேன்.

"ஆமா" என்றாள். அவ்வளவுதான். நாலு சாத்து சாத்தியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 21

திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காத வாய், மூட வேண்டிய நேரத்தில் மூடாத வாய். ஒரே ஆளுக்கு ரெண்டும்.

மே 10

காலியாக இருந்த இடத்துக்கு வேறு ஒருத்தியை எடுத்துவிட்டார்கள். நான் செயலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா மேல ரொம்பப் பாசமோ?" என்று என் தோளைத் தட்டினார். நம்பவில்லை. அவருடைய தொப்பிக்குள் நான் போட்ட தவளையை அவர் இன்னும் மறக்கவில்லை.

ஜூன் 7

அக்கா புது விமானம் கட்டுகிறாள். சாமான்களை எல்லாம் கிளப் கொட்டகைக்குக் கொண்டுபோகிறாள். இனிமேல் வேலை அங்கேதானாம். மோட்டார் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனேன். அங்கே வாங்கிக்கொண்டாள். கோபமாக இல்லை, தலையைக்கூடக் கலைத்துவிட்டாள்.

அம்மா கேட்டாள்: "ஏன்டி, இங்கயே செய்ய வேண்டியதுதானே?"

"அங்க வெளிச்சம் நல்லா இருக்கும்மா."

எங்கள் அறையில் ரெண்டு டியூப் லைட். ரெண்டையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பளிச்சென்றுதான் எரிகின்றன.