நாட்டின் எண்ணெயும் கோவிந்தனின் மாடுகளும்

மார்ச் 12, வியாழன் இரவு

என் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடும் கோவிந்தன், உழவு மாடுகளை விற்று டிராக்டர் வாங்கலாமா என்று கேட்டார். "டீசலு கெடைக்குமாம்மா?"

நம் நாட்டில் பூமிக்கடியில் ஏராளமான எண்ணெய் இருக்கிறதென்று ஆங்கிலப் பேப்பரைக் காட்டினேன்.

"இருக்கிறது வேற, மேல வர்றது வேறங்க. நம்ம கெணத்துல அடித்தண்ணிய மோட்டாரு எடுக்குதா இன்னா?"

"எனக்கே பாடமா?" என்று அதட்டினேன்.

"செரிங்க, நீங்க படிச்சவங்க. நாளிக்கே சந்தைக்கு ஓட்டிடறேன்."

இப்போதுதான் செய்தியை முழுதாகப் படித்தேன். எடுக்க முடிவது அதில் சிறு பங்குதானாம். அது எவ்வளவு என்பதிலும் நிபுணர்களுக்குள் சண்டை. அவரிடம் காட்டியபோது தலைப்போடு நிறுத்தியிருக்கிறேன். நான் படித்த கான்வென்ட்டாக இருந்தால் சிஸ்டர் இதற்கு முட்டி போட வைத்திருப்பார்.

கோவிந்தனுக்குப் போன் செய்தேன். "சொல்லுங்கம்மா" என்றார். "மாடு தண்ணி குடிச்சுதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

விடியற்காலை நான்கு மணிக்கு மாடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அலாரம் மூன்றரைக்கு வைத்திருக்கிறேன். விற்க வேண்டாம், தப்பு என்னுடையது என்று நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.