தெருக்குத்துப் படம்

10 நவம்பர் 1958, திங்கள்

எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் மாடி அறைக்கு ஓடிப் படத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் சாம்பல் நிறம் ஒட்டிக்கொண்டது. இந்த மழையில் எண்ணெய் வண்ணம் காயும் என்று நினைத்ததே தப்பு.

ஆனாலும் வந்துவிட்டது. எங்கள் தெருதான். தெருமுனையில் நின்று பென்சிலால் குறித்துக்கொண்டு வந்து வரைந்தது. மழை விட்ட நேரம். இரண்டு பக்கமும் சுவர்கள் ஒடுங்கிக்கொண்டே போய்க் கடலில் முடிகின்றன. படத்தில் முக்கால் பங்கு வானம். ஆள் நடமாட்டம் இல்லை, குடையோடு போகும் ஒரு பெண்ணைத் தவிர. இத்தனை வருடம் பூச்சாடியும் மாம்பழமும் வரைந்தவளுக்கு முதல் முறையாகத் தூரம் கைக்கு வந்திருக்கிறது.

நாத்தனாரின் புதுவீட்டு ஹாலுக்கு இது. நெல்லித்தோப்பில், கார்த்திகையில் கிரகப்பிரவேசம். என்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தது என் வீட்டுக்காரர், இவர்தான்.

மாலை, கடற்கரைப் பக்கம் கடைசி வீட்டுத் தனம் சீயக்காய் கேட்டு வந்தாள். படத்தைப் பார்த்தாள்.

"எங்க வீடு எங்கக்கா?"

காட்டினேன்.

"இதுவா? தீப்பெட்டியாட்டம் இருக்கு. இப்பதான் வெள்ளை அடிச்சோம்."

தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும் என்றேன்.

"அதுக்கு உங்க வீட்டை மட்டும் இம்மாம் பெருசா போட்டுக்கிட்டீங்களே."

சீயக்காயை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

12, புதன்

தூறல். பால் திரிந்துவிட்டது. கொடிக்கயிறு அறுந்து துணியெல்லாம் மறுபடி துவைத்தேன்.

நாத்தனாரும் அவர் கணவரும் வந்தார்கள். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, எங்கள் பேச்சில் சொல்தாவாக, சைகோன் வரை போய் வந்தவர். எதையும் நேராக நின்றுதான் பார்ப்பார். நாத்தனார் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, வெகுநேரம் பார்த்தார். பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"சரசு, தெரு நேரா வந்து குத்துதே."

"எங்கேக்கா?"

"எங்க ஹால்லதான். வாசலுக்கு எதிர்ச்சுவத்துல மாட்டப் போறோம். வெளியில தெருக்குத்து இல்லாத மனையா அலைஞ்சு திரிஞ்சு வாங்கினோம். நீ வீட்டுக்குள்ளயே ஒண்ணு கொண்டாந்து வச்சிட்ட."

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

தெருக்குத்துக்குப் பரிகாரம் எல்லோருக்கும் தெரிந்ததே: குத்துகிற இடத்தில் ஒரு பிள்ளையார். அதாவது என் படத்தின் முன்பக்கத்தில், நட்டநடுவில், ஈரத் தரையின் வெளிச்சம் விழும் இடத்தில்.

பிள்ளையார் எந்தப் பக்கம் பார்ப்பது என்று அடுத்த பேச்சு.

சொல்தா: "காவலுக்கு நிக்கிறவன் எதிரியைத்தான் பாக்கணும். தெருவைப் பாக்கட்டும்."

நாத்தனார்: "அப்ப ஹாலுக்கு முதுகா? பிள்ளையார் முதுகைப் பாத்தா தரித்திரம்னு தெரியாது உங்களுக்கு?"

"எதிரிக்கு முதுகு காட்டுற காவலாளி எதுக்குடி?"

பேசிக்கொண்டே வடை முழுவதும் தீர்ந்தது. இவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

13, வியாழன்

இவர் கோயில் குருக்களிடம் கேட்டு வந்துவிட்டார். குருக்கள் சொன்னாராம்: "படத்துல இருக்கற தெருவுக்கு சாஸ்திரத்துல ஒண்ணும் சொல்லலை. எதுக்கும் ஒரு பிள்ளையாரை வரைஞ்சுடுங்கோ. பக்கவாட்டா."

எல்லோருக்கும் நிம்மதி.

"ஓரமா, சின்னதா ஒண்ணு. உனக்கு என்ன கஷ்டம்?" என்றார் இவர்.

முன்னால் வைத்தால் எருமை அளவு வருவார் என்றேன்.

"அப்ப தூரத்துல வை. சின்னதா ஆயிடுவார்."

தூரத்தில் வைத்தால் குத்து தாண்டி வந்துவிடுமே. அதோடு குடைக்காரியின் தலைமேல் உட்காருவார்.

"அவளை எடுத்துடு. யாரது?"

"யாருமில்லை."

"எங்க போறா?"

"கடைக்கு."

கடைக்கு இல்லை. எங்கே என்று எனக்கும் தெரியாது. தெரியாததுதான் அந்தப் படம். இதை இவரிடம் எப்படிச் சொல்வது? இருபது வருடத்தில் நான் கடைக்கும் கோயிலுக்கும் தவிர எங்கேயாவது போனால்தானே அவருக்கு அந்தக் கேள்வியே புரியும்.

வானத்தை நீலமாக்கச் சொல்லியும் நாத்தனாரிடமிருந்து சேதி.

15, சனி

பழைய காகிதத்தில் பிள்ளையார் உருவம் வெட்டிப் படத்தின்மேல் பிடித்துப் பார்த்தேன். பக்கவாட்டில்தான். நியாயமாக நடக்க வேண்டும் அல்லவா. பிடித்ததும் தெரு அடைத்துக்கொண்டது. கடல் ஒரு நீலத் துணியாகிப் போனது. குடைக்காரி எங்கும் போகவில்லை; பிள்ளையாரைச் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறவள் ஆனாள். காகிதத்தை எடுத்தேன். மறுபடி தூரம். மூச்சு வந்தது.

பிள்ளையார் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தோப்புக்கரணமும் போட்டேன்.

இரவுச் சாப்பாட்டில் இவர்: "உன்னால முடியலன்னா பரவாயில்ல. பெயர்ப்பலகை எழுதுறவரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். பிள்ளையார் அவருக்குக் கைவந்த கலையாம். வானத்தையும் பாத்துக்குவார்."

"சரி" என்றேன். ரசம் ஊற்றினேன்.

முடிவு செய்துவிட்டேன். விடிந்ததும் கடலூர் பஸ். அங்கே என்னோடு கல்லூரியில் படித்த மேரி டீச்சராக இருக்கிறாள். அவள் வீட்டில் வெறும் சுவர் ஒன்று உண்டு, சாஸ்திர பயம் இல்லை. நாத்தனாருக்கு ஊசுட்டேரியை வரைந்து கொடுப்பேன். ஏரி யாரையும் குத்தாது. வானமும் நீலமாகவே. இவரிடம் திரும்பி வந்த பிறகு சொன்னால் போதும். பலகைக்காரர் வெறுங்கையோடு போக வேண்டாம், வாசலில் கதவு எண் அழிந்திருக்கிறது.

வண்ணம் இன்னும் காயவில்லை. துணி சுற்ற முடியாது, திறந்தபடிதான் கொண்டுபோக வேண்டும். தவளக்குப்பத்தில் கூட்டம் ஏறும், எல்லோரும் பார்ப்பார்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள். சொல்லட்டும். ஜன்னலோர இடம் படத்துக்கு.